பொக்கிளைச் சுற்றிப் பதினாலு

பாறசாலை,
8.6.1994

கர்த்தருக்குள் கனமும் தலைமை ஆபீசில் செல்வாக்கும் ஒருசேரப் பெற்ற அன்புள்ள அத்தான் சுவாமிதாஸ் அவர்களுக்கு, மைத்துனன் கனகதாஸ் பணிவோடு எழுதிக்கொள்வது. உங்கள் சுகத்துக்காகவும் ஆனந்தபாய் அக்காளின் முழங்காலுக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம். இங்கே நானும் மினியும் நலம். நலம் என்று நான் எழுதுவது என் ஒருவன் சார்பில்தான். மினியின் சார்பில் எழுதவேண்டுமானால் அவளிடம் கேட்கவேண்டும். அவள் இரண்டு வாரத்துக்கு மேலாக என்னிடம் பேசுவதில்லை. ஆகவே அவள் நலமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

இந்தக் கடிதத்துக்கு முன்போ பின்போ உங்கள் செக்ஷனுக்கு ஒரு மனு வந்து சேரும். எங்கள் ஊரில் அறுபத்தொரு பேர் கையெழுத்துப் போட்ட மனு. ஜனங்களின் வயிற்றோடு விளையாடிய இந்த லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டரை உடனே இடம் மாற்றவேண்டும் என்று அதில் இருக்கும். மனு மலையாளத்தில். எழுதும்போது என்னைத் திட்டியது தமிழில். கையெழுத்துப் போட்டவர்களில் மினியும் ஒருத்தி என்பதை நீங்கள் மனுவைப் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட என் வாயால் தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு நல்லது என்பதால் முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

நடந்தது இதுதான். எங்கள் மிருகாஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர் உண்டு, அவர் மகளுடைய பிரசவத்துக்காகக் கொல்லத்துக்குப் போய் லீவில் இருக்கிறார், மீதி இருப்பது நான். நான் டாக்டர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனந்தபாய் அக்காள் மட்டும் கல்யாண வீடுகளில் "தம்பி டாக்டராக்கும்" என்று சொல்லிவருகிறாள், அதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லவும், இந்தக் கஷ்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது பசுவுக்குச் சினை ஊசி போடுவது, கோழிக்குத் தடுப்பு மருந்து கொடுப்பது, ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊற்றுவது, எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதுவது. மே மாதம் இருபத்துமூன்றாம் தேதி காலையில் நான் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருக்கும்போது சத்யபாமா அக்கா ஓடிவந்தார். இவருடைய கணவர் பம்பாய்க்குப் போய்ப் பதினொரு வருஷமாகிறது, ஒரு கார்டு வந்ததில்லை. இவரைக் காப்பாற்றுவது மணிக்குட்டி என்ற ஒரு பசு.

"சாரே, மணிக்குட்டி நேத்து அந்தியில இருந்து ஒண்ணும் தின்னல்ல. வாயில இருந்து நுரையா ஒழுகுது. விளிக்குத விளி கூட அதுக்க விளி இல்ல. ஓடி வாரும்."

போய்ப் பார்த்தேன். கழுத்தை நீட்டிக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு, நூல் நூலாகக் கோழை வடியவிட்டு, உடைந்த சங்கை ஊதுகிற குரலில் பசு அலறிக்கொண்டிருந்தது. எனக்குப் பயிற்சிக் காலத்தில் கொடுத்த புத்தகத்தில் இப்படி ஒரு படம் உண்டு. அதன் கீழே, இதைத் தொண்டையில் ஏதோ சிக்கியது என்று நினைத்து வாய்க்குள் கையை விட்டவர்கள் வெறிநோய், எங்கள் ஊர்ப் பேச்சில் பேவிஷம், வந்து இறந்திருக்கிறார்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும். அந்தத் தடித்த எழுத்து ஞாபகம் வந்ததால், சத்யபாமா அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மெதுவாகத்தான் அத்தான், மெதுவாகச் சொன்னேன்:

"அக்கா, பயப்படாதீங்க. பேவிஷமா இருக்குமோண்ணு ஒரு சின்ன சந்தேகம்."

பின்னால் டமார் என்று ஒரு சத்தம். பால் வாங்க வந்து நின்ற சாயக்கடை பொன்னப்பன் கையிலிருந்து பாத்திரம் விழுந்திருந்தது.

"பேயா? எனக்க கடையில எப்பமும் இந்தப் பாலாக்கும் சாரே!"

"காய்ச்சின பாலுல ஒண்ணும் வராது பொன்னப்பா."

"சந்தேகம் உண்டா இல்லியா? அத மட்டும் சொல்லும்."

"சந்தேகம் உண்டு, ஆனா..."

ஆனாவுக்குப் பிறகு நான் விளக்கமாகப் பேசினேன். கேட்க அங்கே பசு மட்டும்தான் இருந்தது.

நான் சாயக்கடைக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடை முன்னால் பாதி குடித்த கிளாசோடு ஒருவர் அசையாமல் நின்றார். பாதிதான் குடித்தேன், ஊசியும் பாதி போதுமா என்று என்னிடம் கேட்டார். யாரெல்லாம் அந்தப் பாலில் சாயா குடித்தது என்று பொன்னப்பன் பேர் எழுத உட்கார்ந்தான். அங்கேதான் என் விதி திரும்பியது. சர்க்கரை வியாதிக்காகச் சாயாவை அடியோடு விட்டுவிட்டதாக வீட்டில் சொல்லியிருந்த எட்டுப் பேர் மனைவிமார் முன்னிலையில் பேர் கொடுத்தார்கள். கட்சிக் கிளைக் கமிட்டி கூட்டத்துக்கு வரவில்லை, காய்ச்சல் என்று லீவு சொன்ன தோழர் ஒருவர் அந்த நேரத்தில் பொன்னப்பன் கடையில் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டது தானும் பேர் கொடுக்க நின்ற கிளைச் செயலாளருக்குத் தெரியவந்தது. இதையெல்லாம் நான் தாங்கியிருப்பேன். கடைசியில் நம் சபையின் மாதர் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை உபவாச ஜெபம் நடந்தபோது பின்வாசல் வழியாக ஒரு பிளாஸ்க் சாயா போயிருக்கிறது. பேர் கொடுக்க வந்த போதகர் அங்கேயே நின்றிருந்தார், வானத்தைப் பார்த்தார். பன்னிரண்டில் ஏழாவது மினி.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் பேசிய கடைசி வாக்கியம் இது: "உபவாசத்துல சாயா குடிச்சது நானாக்கும். ஆனா அத ஊரு முழுக்க அறிவிச்சது நீங்களாக்கும்." பிறகு சோறு போட்டாள். சோறு இன்றுவரை நிற்கவில்லை, பேச்சுதான் நின்றது.

மறுநாள் காலை முதல் வண்டியில் அறுபத்தொரு பேரும் நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் நல்ல மனிதர். காய்ச்சிய பால், பசுவுக்கு நோய் உறுதியாகவில்லை, பத்து நாள் பார்க்கலாம் என்று அரை மணி நேரம் எடுத்துச் சொன்னாராம். அறுபத்தொரு பேர் சட்டையையும் சேலையையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒரு மனிதர் எத்தனை நேரம் எடுத்துச் சொல்லமுடியும்? அத்தனை பேருக்கும் போட்டுவிட்டார். பொக்கிளைச் சுற்றி, அதுதான் தொப்புளைச் சுற்றி, பதினாலு ஊசி, நாளுக்கு ஒன்று. கட்சியும் சபையும் ஒரே வரிசையில் படுத்துக் கிடந்த காட்சியை எங்கள் ஊர் அதற்குமுன் கண்டதில்லை. திரும்பி வரும்போது பஸ்சில் உட்கார இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை என்று கண்டக்டர் சொன்னார்.

நான் என் பங்குக்குக் கொல்லத்துக்குப் போன் போட்டேன். மூன்றாவது முறை எங்கள் டாக்டர் கிடைத்தார். அடையாளங்களைச் சொன்னேன். "கனகதாசே, என்ன செய்தாலும் வாய்க்குள்ளே மட்டும் கையை விட்டுறாதே" என்றார். வேறு என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது லைன் போய்விட்டது. ஆகவே என்ன செய்யக்கூடாது என்பது மட்டும் எனக்கு அதிகாரபூர்வமாகத் தெரிந்திருந்தது. அதை மூன்று நாள் கவனமாகச் செய்யாமல் இருந்தேன். தினமும் காலையும் மாலையும் போய், தொழுவத்திலிருந்து பத்தடி தள்ளி நின்று, பசு இன்றும் தின்னவில்லை, வாய் ஒழுகுகிறது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குகிறது என்று எழுதி வந்தேன். ஊரில் ஒரு கூட்டம் பசுவைக் கொன்று சுண்ணாம்பு போட்டுப் புதைத்தே ஆகவேண்டும் என்று வந்தது. சத்யபாமா அக்கா வெட்டுகத்தியை மடியில் வைத்துக்கொண்டு தொழுவத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். "வாருங்கலே. முதல்ல ஆரு?" என்று மட்டும் கேட்டார். முதலில் யார் என்பதில் கூட்டத்துக்குள் கருத்து வேற்றுமை ஏற்பட்டுக் கலைந்து போனார்கள்.

நாலாம் நாள் காலையில் நான் போனபோது மணிக்குட்டி படுத்துவிட்டது. வயிறு ஊதி, குரலும் அடங்கிப்போயிருந்தது. நான் வழக்கமான இடத்தில் நின்று நோட்டைத் திறந்தேன்.

"சாரே, நாலு நாளாட்டு எட்ட நிண்ணு எழுதுதீரே" என்றார் அக்கா. "அது சாவுத நேரம் எழுதியதுக்கா நிக்குதீரு?"

"அக்கா, புத்தகத்துல..."

"புத்தகத்த நீரு வச்சுக்கிடும். அது ஒவ்வொரு மட்டமும் முழுங்கப் பாக்குது, முழுங்க முடியல்ல. கழுத்துல ஒரு இடம் பொங்கித் தாழுது. நான் கைய விடுதேன். போனா போட்டு. எனக்கு ஆரு உண்டு அழியதுக்கு?"

சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினார். அத்தான், நான் வீரன் இல்லை, அது உங்களுக்கும் அக்காளுக்கும் தெரியும், என் கல்யாணத்தில் மாலை போடும்போது கை நடுங்கியதை நீங்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறீர்கள். ஆனால் இடது பக்கக் கழுத்தில் அந்தப் பொங்கலை நானும் பார்த்தேன். ஒரு தேங்காய்க் குரும்பை அளவுக்கு ஏதோ ஏறி, திரும்ப இறங்கியது. எட்ட நின்றதால் மூன்று நாளாக அது என் கண்ணில் படவில்லை. பத்தடி தள்ளி நின்று எழுதியது முழுவதும் சரிதான், பத்தடி தள்ளி நின்றதுதான் தவறு. "நீங்க விடாதீங்க அக்கா, எனக்க வேலையாக்கும்" என்று என் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

பெட்டியில் தோள்வரை நீளமுள்ள பிளாஸ்டிக் உறை இருந்தது, சினை ஊசி போடும்போது போடுவது. அந்த உறை தன் உத்தியோக வாழ்க்கை முழுவதையும் பசுவின் பின்பக்கத்தில் கழித்தது, முன்பக்கத்தில் அதற்கு அதுவே முதல் நியமனம். ஒரு மரக்கட்டையில் துணி சுற்றிப் பல்லுக்கிடையில் கொடுத்தேன். அக்கா நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்தார். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்று தொடங்கினேன், அடுத்த வரி வரவில்லை, அதையே மூன்று முறை சொன்னேன். கையை விட்டேன். உள்ளே சூடு. முழங்கை வரை போனபோது கடைவாய்ப் பல் உறையைக் கிழித்தது தெரிந்தது. மினியை நினைத்தேன். பேசாமல் இருக்கும்போது செத்துப்போனால் எப்படி என்று நினைத்தேன். விரல் நுனியில் வழுக்கலாக, நார் நாராக, கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அக்கா வெளியிலிருந்து கழுத்தை மேல்நோக்கித் தள்ளினார், நான் பிடித்து இழுத்தேன், இரண்டு தடவை வழுக்கியது, மூன்றாவது தடவை மடக்கென்று வந்துவிட்டது. அதன் பின்னாலேயே ஒரு குடம் பச்சைத் தண்ணீரும் வந்தது, அது என் மேலே.

செங்கவருக்கை மாங்கொட்டை.

மணிக்குட்டி ஒரு பெரிய ஏப்பம் விட்டது. அந்த ஏப்பம் வெகுநேரம் நீடித்தது. பிறகு தானாகவே எழுந்து ஒரு வாளி கஞ்சித்தண்ணியைத் தலை தூக்காமல் குடித்தது. சத்யபாமா அக்கா என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அடி எதற்கு என்று முதலில் விளங்கவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார், அப்போது விளங்கியது.

இந்த இடத்தில் நான் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். நான் அந்த மாங்கொட்டையை ஒரு பேப்பரில் பொதிந்து, ஊருக்கு நல்ல செய்தி சொல்ல என்று, பொன்னப்பன் கடைக்குக் கொண்டுபோனேன். அன்றைய ஊசியை முடித்துவிட்டு எல்லாரும் வயிற்றைப் பிடித்தபடி அங்கே நின்றார்கள். பேப்பரைப் பிரித்துக் காட்டினேன்.

பொன்னப்பன் அதை விரலால் புரட்டிப் பார்த்தான். "இதுக்கா?" என்றான். பிறகு, "ஒரு மாங்கொட்டைக்கா எனக்கு மூணு ஊசி?"

"இனி வேண்டாம் பொன்னப்பா. இண்ணையோட நிறுத்திக்கிடலாம். ஆஸ்பத்திரி டாக்டரும் அதத்தான் சொல்லுவாரு."

"அண்ணைக்குப் பேயிண்ணு சொன்னதும் நீரு. இப்பம் மாங்கொட்டைண்ணு சொல்லுததும் நீரு. நாளைக்கு வேற ஒண்ணு சொல்லுவீரு. அது உமக்க வீட்டு மாங்கொட்டையா இருக்கும்."

மறுநாள் டாக்டரும் நிறுத்தலாம் என்றுதான் சொன்னாராம். யாரும் நிறுத்தவில்லை. முதல் மூன்று ஊசியை என்னை நம்பிப் போட்டுக்கொண்டார்கள், மீதிப் பதினொன்றை என்னை நம்பாமல் போட்டுக்கொண்டார்கள். இரண்டுக்கும் காரணம் நான்தான் என்று மனுவில் தனித்தனிப் பத்தியாக எழுதியிருப்பதாகக் கேள்வி. திங்கட்கிழமையன்று பதினாலாவது முடிந்தது. சத்யபாமா அக்காவும் நானும் மட்டும் ஒரு ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை, கிழிந்த உறையோடு கையை உள்ளே விட்டவன் நான்தான் என்றாலும், மாங்கொட்டை என்று முழுமனதோடு நம்பியவர்கள் நாங்கள் இருவர்தான்.

இப்போது என் நிலை: பொன்னப்பன் கடையில் எனக்குச் சாயா இல்லை. முடி வெட்டுகிறவர் என்னைக் கண்டால் கத்தரியைத் துடைத்து உள்ளே வைக்கிறார். பசுவுக்குச் சினை ஊசி வேண்டுமென்றால் திருப்புறம் வரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள், பசு களைத்துப் போகிறது. ரோட்டில் போனால் "பதினாலு போறாரு" என்கிறார்கள். கோவிலில் நான் உட்காரும் பெஞ்சில் மீதி நாலு பேர் உட்காரும் இடம் காலியாக இருக்கிறது. மினி அடுத்த பக்கத்தில், மாதர் சங்கத்தோடு, நேராகப் பீடத்தைப் பார்த்தபடி இருக்கிறாள். சத்யபாமா அக்கா மட்டும் தினமும் நாழிப் பால் கொண்டுவந்து வாசலில் வைக்கிறார், அதை மினி உள்ளே எடுப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை, பூனை குடிக்கிறது.

ஆகவே அத்தானிடம் இரண்டு வேண்டுகோள். ஒன்று, அந்த மனுவை ஃபைலில் எவ்வளவு அடியில் வைக்கமுடியுமோ அவ்வளவு அடியில் வைக்கவும். இரண்டு, மேலதிகாரியிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்லி என்னைப் பூவாறு பக்கம் மாற்றித் தரவும். அங்கே மாடு குறைவு, மீன் அதிகம். மீனுக்கு வெறி பிடிக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன். பூவாறு கிடைக்காவிட்டால் ஒரு மேசையும் ரிஜிஸ்டரும் உள்ள எந்த ஆபீசும் போதும், ஜன்னல்கூட வேண்டாம்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும், அக்காளின் முழங்காலையும், பிள்ளைகளின் படிப்பையும் காத்து, என் விஷயத்தில் உங்கள் நாவுக்கு வல்லமை தருவாராக. மினி சார்பில் ஸ்தோத்திரம் என்று எழுத ஆசை, அனுமதி கிடைத்ததும் அடுத்து எழுதுகிறேன்.

தங்கள் தாழ்மையுள்ள மைத்துனன்,
கனகதாஸ்

பி.கு. (12.6.1994): மேலே எழுதியிருப்பதை எல்லாம் வாசிக்காததுபோல வைத்துக்கொள்ளவும். மேலதிகாரியிடம் ஒன்றும் பேசவேண்டாம், மனுவைப் பார்த்துவிட்டு நீங்களாகவே பேசிவிட்டிருந்தால் திருப்பிப் பேசவும். ஒன்பதாம் தேதி இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடப் போகும்போது ரோட்டில் ஒரு நாய் வந்தது. அது களியக்காவிளைப் பக்கமிருந்து வந்த தமிழ்நாட்டு நாய் என்று எங்கள் பஞ்சாயத்து சொல்கிறது, கேரளத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த நாய் என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் சொல்கிறார்கள். எந்த மாநிலமானாலும் அது அசல் வெறிநாய். பரிசோதனைக்கு அனுப்பிய தலையை நான்தான் ஐசில் பொதிந்து கட்டினேன், நேற்று ரிசல்ட் வந்துவிட்டது. பொன்னப்பனையும் போதகரையும் கட்சிக் கிளைச் செயலாளரையும் சேர்த்து ஆறு பேரைக் கடித்தது. அதில் ஐந்து பேர் பதினாலும் முடித்தவர்கள், ஆகையால் இவர்களுக்கு இனி இரண்டு ஊசி போட்டால் போதும், உயிருக்குப் பயமில்லை, முன்கூட்டியே போட்டுக்கொண்டது பெரிய பாக்கியம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் ஊர் திரும்பிவிட்டது. முதல் மனுவை ரத்து செய்து, என்னை ஒருபோதும் இடம் மாற்றக்கூடாது என்று இன்னொரு மனு அதே அறுபத்தொரு கையெழுத்தோடு தபாலில் வருகிறது. பொன்னப்பன் கடையில் எனக்கு வரவேற்புக் கூட்டம் வைக்கிறார்கள். என்னால் தேதி கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் ஆறாவது ஆள் நான். எனக்கு ஒன்றிலிருந்து தொடக்கம். இன்று நாலாவது முடிந்தது. மினி பேசத் தொடங்கிவிட்டாள். கடித்த அன்று அழுதாள். மறுநாளிலிருந்து தினமும் என்னோடு பஸ்சில் நெய்யாற்றின்கரைக்கு வருகிறாள், பக்கத்தில் நின்று என் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறாள். இன்று திரும்பி வரும்போது பஸ்சில் உட்கார இடம் இருந்தும் நான் நின்றேன், அவளும் என்னோடு நின்றாள். பாறசாலையில் இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அஞ்சாவதாக்கும் ரெம்ப வலிக்கும். பிறவு பழகிப்போவும்."